கூட்டும் பங்கும்

திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத் தோட்டம் கைமாறும்போது எழுதுகிற கிரயப் பத்திரத்தில், கடைசிப் பக்கங்களில் 'சொத்து விவரம்' என்று ஒரு பகுதி வரும். சர்வே எண், நான்கு எல்லை, பரப்பளவு எல்லாம் முடிந்த பிறகு மூச்சு விடாமல் ஒரு வாக்கியம் ஓடும். கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பங்கும், அதில் வைத்திருக்கும் மின்மோட்டார் பம்புசெட்டில் அதே அளவு பங்கும், மின் இணைப்பில் பங்கும், முறைப்படி தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும், வாய்க்கால் பாத்தியமும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும் என்று அது போய்க்கொண்டே இருக்கும். பத்திர எழுத்தரின் தமிழைப் படிக்க முடியாத தமிழ் என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. பேச்சில் அந்தக் கிணற்றுக்குக் 'கூட்டுக்கிணறு' என்று பெயர். பத்திரத்திலோ 'கூட்டு' என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. யாருக்கு எவ்வளவு, எந்த நாள், எந்த வழியாக என்று அளந்து எழுதுகிறார்கள். அந்த அளவு இல்லாமல் கூட்டு என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கூடுவது தானாக நடப்பது, கூட்டுவது ஒருவர் செய்வது. ஊர் கூடுகிறது, தலைவர் ஊரைக் கூட்டுகிறார். வாசலைக் கூட்டுவதும் கணக்கில் கூட்டுவதும் அதே வினைதான். சிதறிக் கிடப்பதை ஓர் இடத்துக்குக் கொண்டுவரும் வேலை. அது பெயர்ச்சொல்லாகும்போது சமையலறையில் தொடங்கிச் சட்டமன்றம் வரை போகிறது. புடலங்காயும் பாசிப்பருப்பும் சேர்ந்தால் கூட்டு. இரண்டு சாலை சேரும் இடம் கூட்டுச்சாலை, மக்கள் வாயில் கூட்ரோடு. அசலோடு வட்டியும் சேர்ந்து அதற்கும் வட்டி போட்டால் கூட்டு வட்டி. கூட்டெரு, கூட்டுத்தொகை, கூட்டுக்குடும்பம், கூட்டுப்பட்டா, கூட்டுறவு, கூட்டணி, கூட்டுச்சதி. (கூட்டுப்புழுவை இதில் சேர்க்க வேண்டாம். அது கூட்டுக்குள் இருக்கும் புழு; கூடு என்ற பெயர் வேற்றுமைக்காக இரட்டித்து நிற்கிறது.) இவற்றில் எனக்குப் பிடித்தது மளிகைக் கடையில் கிடைக்கும் கூட்டுப்பெருங்காயம். பெருங்காயப் பிசினைத் தனியாக யாரும் விற்பது அரிது. மாவும் வேலம்பிசினும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த டப்பாவைத் திருப்பினால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கலந்தது என்று சொன்னால் மட்டும் போதாது, எதை எதைக் கலந்தது என்றும் சொல்லியாக வேண்டும். ஒரு பெருங்காய டப்பாவிடம் நாம் எதிர்பார்க்கிற நேர்மையை ஒரு கடன் குழுவிடமும் எதிர்பார்க்கலாம்.

கூட்டில் நிற்கும் மனிதனுக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் உண்டு: கூட்டாளி, பங்காளி. முதலாளி, தொழிலாளி, கடனாளி என்பவற்றில் வரும் அதே 'ஆளி'தான் இரண்டிலும் வருகிறது. முதலை உடையவர் முதலாளி, கடனை உடையவர் கடனாளி என்பதுபோல, கூட்டை உடையவர் கூட்டாளி. இது கௌரவமான சொல். இன்றைக்கு அதன் கதியைப் பாருங்கள். செய்தித்தாளில் 'கூட்டாளி' என்ற சொல் வந்தால் அடுத்த சொல் பெரும்பாலும் 'கைது' என்பதாக இருக்கிறது. திருடனுக்கும் ரவுடிக்கும் மட்டும்தான் கூட்டாளிகள் இருப்பதுபோல எழுதிப் பழகிவிட்டோம். 'கூட்டுக் களவாணி' என்ற வசவும் அந்த வழியில்தான் வருகிறது. மலேசியத் தமிழரிடம் கூட்டாளி என்றால் இன்னும் நண்பன்தான். நம் பள்ளிக் கணக்குப் பதிவியல் பாடத்தில் கூட்டாண்மை, கூட்டாளி சேர்ப்பு, கூட்டாளி விலகல் என்று முறையாகவே கற்றுத் தருகிறார்கள். அந்தப் பாடத்தைப் படித்த பிள்ளைகளே வேடசந்தூர் ஆத்துமேட்டில் இரண்டு பேர் சேர்ந்து கடை போட்டால் 'பார்ட்னர்' என்கிறார்கள். பழைய பத்திரங்களில் பாகஸ்தர் என்றும் பங்குதாரர் என்றும் எழுதினார்கள். இரண்டாவதில் பங்கு நம்முடையது, 'தார்' பாரசீகத்திலிருந்து வந்தது. தாசில்தாரில் உள்ள அதே ஒட்டு. ஆக, நல்ல வியாபாரத்துக்கு ஆங்கிலச் சொல்லும் திருட்டுக்குத் தமிழ்ச் சொல்லும் என்று பிரித்துக் கொடுத்துவிட்டோம். இதை வெறும் மொழிப்பற்றினால் சொல்லவில்லை. ஒரு சொல் கௌரவம் இழக்கும்போது, அந்தச் சொல் சுமந்துவந்த விதியும் நினைவிலிருந்து போய்விடுகிறது என்பதால் சொல்கிறேன்.

அந்த விதி என்ன? எனக்கு எட்டிய வரையில் ஒரே வரிதான்: கணக்குக் கேட்கும் உரிமை உள்ளவரே கூட்டாளி. பணம் போட்டவர் என்பது போதாது. கூட வேலை செய்பவர் என்பதும் போதாது, சம்பளக்காரரும் கூடத்தான் வேலை செய்கிறார். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும். எல்லாரும் சேர்ந்தோ, எல்லாருக்காகவும் ஒருவரோ நடத்தும் தொழிலின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர்களின் உறவு என்று அதன் 4-ஆம் பிரிவு கூட்டாண்மைக்கு இலக்கணம் சொல்கிறது. லாபத்தில் பங்கு வாங்குவதாலேயே ஒருவர் கூட்டாளி ஆகிவிட மாட்டார் என்று 6-ஆம் பிரிவு எச்சரிக்கிறது. ஒருவருக்கொருவர் உண்மையான கணக்கும் முழுத் தகவலும் தரக் கடமைப்பட்டவர்கள் என்கிறது 9-ஆம் பிரிவு. கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் உரிமை உண்டு என்கிறது 12-ஆம் பிரிவு. இவ்வளவும் சொன்ன பிறகுதான், நிறுவனத்தின் கடனுக்கு எல்லாரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று 25-ஆம் பிரிவு சுமையை ஏற்றுகிறது. உரிமை முன்னே வருகிறது, பொறுப்பு பின்னே வருகிறது. பணம் மட்டும் போட்டுவிட்டுக் கடைப்பக்கம் எட்டிப் பார்க்காதவருக்கும் பேரேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை போய்விடாது. 2008-இல் வந்த வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம் கூட்டாளியின் கடன் சுமைக்குத்தான் வரம்பு கட்டியது. கணக்குச் சொல்லும் கடமை அங்கும் உண்டு. நட்டத்தை ஏற்பதுதான் கூட்டின் அடையாளம் என்று வாதிடுபவர்களுக்கு அந்தச் சட்டமே பதில்.

இனி மறுபடி கிணற்றுக்கு வருவோம். திண்டுக்கல் சமவெளி பாறைப் பூமி. மண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே பாறை தட்டிவிடும். வெடி வைத்துத்தான் தோண்டியாக வேண்டும். அப்படி ஒரு கிணறு தோண்ட ஒரு தலைமுறையின் சேமிப்பு போகும். நிலத்தை அண்ணன் தம்பி நாலாகப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் கூட்டு என்பது இங்கே யாரோ சொல்லிக் கொடுத்த கொள்கையாக வரவில்லை, பாறை விதித்த நிபந்தனையாக வந்தது. கமலை இறைத்த காலத்தில் மாட்டு ஏரின் முறை, மோட்டார் வந்த பிறகு மும்முனை மின்சாரம் வரும் நேரத்தின் முறை. நாலில் ஒரு பங்குக்காரருக்கு நாலு நாளைக்கு ஒரு நாள். மோட்டாரில் காயில் எரிந்துவிட்டால் சுற்றிக் கொடுத்தவரின் பில்லை வைத்துக்கொண்டு பங்குப்படி செலவைப் பிரிப்பார்கள். பாதிப் பங்கு உள்ளவர் பாதி தர வேண்டும், கால் பங்கு உள்ளவர் கால் தர வேண்டும். தூர் வாரினாலும் அப்படித்தான், ஆழப்படுத்தினாலும் அப்படித்தான். 1948 முதல் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது என்றால், இங்கே பயிர் செய்த வாய்ப்புகையிலையின் முக்கியத்துவம் தெரியும். அந்தப் பயிரும், முருங்கையும், காய்கறியும் இந்த முறைத் தண்ணீரின் மேல்தான் நின்றன. கால் பங்குக்காரர் ஏழையாக இருக்கலாம், முக்கால் பங்குக்காரர் ஊரில் செல்வாக்கு உள்ளவராக இருக்கலாம். ஆனால் அந்தப் பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்க ஏழைக்கும் பத்திரம் இருக்கிறது.

கூட்டுக்கிணற்றை இப்படி உயர்த்திப் பேசினால் உடனே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். நடைமுறையில் கிணற்றுப் பங்கு என்பது தீராத வழக்கு என்பார்கள். முறை தவறி ராத்திரியில் மோட்டார் போடுபவர் உண்டு, செலவுக்குப் பணம் தராமல் இழுத்தடிப்பவர் உண்டு. வசதி உள்ள பங்குதாரர் தன் காட்டிலேயே ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ள, கூட்டுக்கிணறு வற்றி, மிச்சம் உள்ளவர்கள் வெறும் பாறையில் பங்கு வைத்திருக்கும் நிலையும் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்கள் எல்லாவற்றிலும் உண்டு. நிலமே இல்லாதவருக்கு இந்தக் கூட்டில் இடமே இல்லை. இது எல்லாமே உண்மை. ஆனால் ஆழ்துளைக் கிணறு செய்ததை உற்றுப் பாருங்கள். கிணற்றின் நீர்மட்டத்தை எட்டிப் பார்த்தால் எல்லாருக்கும் தெரியும். குறுகலான குழாய்க்குள் இறங்கிப் போகும் நீரை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. யார் எவ்வளவு எடுக்கிறார் என்று கேட்கும் பத்திரம் அங்கே யாரிடமும் இல்லை. கணக்குக் கேட்க முடியாத இடத்துக்குத் தண்ணீர் போனபோதுதான் கூட்டு உடைந்தது. வழக்கு உண்டு என்பதையும் நான் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உரிமை இருக்கும் இடத்தில்தான் வழக்குக்கு இடமுண்டு.

பங்காளி என்ற சொல்லிலும் இதையே பார்க்கலாம். மதுரை, திண்டுக்கல் பக்கத்து இளைஞர்கள் 'என்ன பங்காளி' என்று தோளில் கை போடுகிறார்கள். அதே சொல்தான் பங்காளிச் சண்டையிலும் பங்காளிக் காய்ச்சலிலும் இருக்கிறது. அது பாகப்பிரிவினையில் பங்கு கேட்க உரிமை உள்ள ஆண்வழி உறவைக் குறிக்கும் சொல். மாமன் மச்சானுக்குப் பந்தியில் இடம் உண்டு, பாகத்தில் இடம் இல்லை. பெண்ணுக்கு அந்தச் சொல்லே இல்லை. தமிழ்நாடு அரசு 1989-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று ஆக்கியது. 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்து நாடு முழுவதும் பங்கை விரித்தது. சட்டப்படி அக்கா தங்கை எல்லாரும் இன்று பங்காளிகள். இருந்தும் கிணற்றுக் கணக்குப் பேச உட்காரும்போது அவர்களைக் கூப்பிடுவதில்லை. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுகிறார்கள். சொல்லை விரிக்காமல் சட்டத்தை மட்டும் விரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை. கூட்டுக்குடும்பத்தைக் கூட்டாண்மையாகக் கொள்ளக் கூடாது என்று 1932 சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்வதும் கவனிக்க வேண்டியது. கூட்டாண்மை உடன்பாட்டால் பிறப்பது, குடும்பம் பிறப்பால் வருவது. கேட்காமலே சேர்க்கப்பட்டவர்களுக்குக் கணக்குக் கேட்கும் பழக்கமும் வராது.

அரசு இந்தச் சொல்லை எப்படிக் கையாள்கிறது? காவிரியிலிருந்து வரும் குடிநீருக்குக் கூட்டுக்குடிநீர்த் திட்டம் என்று பெயர். பல ஊர்களுக்கு ஒரே குழாய் என்பதுதான் அங்கே கூட்டு. எத்தனை லிட்டர் ஏற்றினார்கள், நம் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு எத்தனை வந்தது என்பது குடத்தோடு நிற்கும் பெண்ணின் கண்ணுக்கு எட்டுவதில்லை. 2017-18-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த கூட்டுப்பண்ணையத் திட்டம் இதைவிட மேல். இருபது சிறு, குறு விவசாயிகள் ஒரு ஆர்வலர் குழு, ஐந்து ஆர்வலர் குழு சேர்ந்து நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு, பொதுவாகப் பண்ணைக் கருவி வாங்க 5 லட்சம் ரூபாய். டிராக்டர் யார் தோட்டத்தில் எத்தனை மணி ஓடியது, வாடகை எவ்வளவு வந்தது என்று பதிவேட்டில் எழுதி நூறு பேருக்கும் வாசித்துக் காட்டும் குழுவுக்கு அந்தப் பெயர் பொருந்தும். தலைவர் வீட்டு முற்றத்திலேயே டிராக்டர் நின்றுவிட்ட குழுவுக்குப் பொருந்தாது. கூட்டுறவு என்ற சொல்லின் கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1904-இல் சட்டம் வந்த ஆண்டிலேயே திருவள்ளூருக்குப் பக்கத்துத் திரூரிலும் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் சங்கங்கள் தொடங்கின. அதற்கு முன் சென்னை மாகாணத்துக்காக அறிக்கை எழுதிய பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியின் ரைஃபைசன் நடத்திய கிராம வங்கிகளை முன்மாதிரியாகக் காட்டினார். கூட்டுறவின் விதி இதுதான்: ஆளுக்கு ஒரு ஓட்டு, ஆண்டுக்கு ஒரு பொதுப்பேரவை, அங்கே வரவு செலவு வாசிப்பு. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் பல காலம் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர் கையில் இருந்திருக்கின்றன. அந்த நாட்களில் நகைக்கடனும் உரமும் கிடைத்தன. ஆனாலும் அப்போது அது கூட்டுறவு இல்லை, ஒரு அரசு அலுவலகம்.

நான் இந்தப் பதிவை எழுத முக்கியக் காரணம் கூட்டுப் பொறுப்புக் குழு. நுண்கடன் நிறுவனம் ஒரு தெருவில் சில பெண்களைச் சேர்த்து ஆளுக்கு ஒரு கடன் கொடுக்கிறது. ஒருவர் தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். மக்கள் இதைச் சுருக்கமாகக் 'குழு' என்கிறார்கள்: குழுவுக்குக் கட்டணும், இன்னைக்குக் குழு நாள். இதையும், 1989-இல் தருமபுரியில் அரசு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுவையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. சுயஉதவிக் குழுவில் பெண்களின் சொந்தச் சேமிப்பு இருக்கிறது. யாருக்கு உள்கடன் என்று அவர்களே தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறார்கள், வட்டி குழுவுக்கே வருகிறது, பதிவேடு அவர்கள் கையில் இருக்கிறது. கூட்டுப் பொறுப்புக் குழுவில் சேமிப்பு இல்லை, பொதுவான பணம் இல்லை, லாபம் என்று ஒன்றே இல்லை. கூட்டாக இருப்பது பொறுப்பு மட்டும். நோய்வாய்ப்பட்டுத் தவணை தவறிய பெண்ணின் வீட்டு வாசலில், கடன் கொடுத்த நிறுவனத்துக்காகப் பக்கத்து வீட்டுப் பெண்கள் நிற்க வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் கணக்கைக் கேட்கவோ, வட்டியைப் பேசவோ, இன்னாரைச் சேர்க்க வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்த முடிவை நிலைநிறுத்தவோ அவர்களுக்கு வழியில்லை. கூட்டாண்மைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவை மட்டும் கிழித்தெடுத்து, 9-ஐயும் 12-ஐயும் விட்டுவிட்டதுபோன்ற ஏற்பாடு இது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. அடமானம் வைக்க எதுவும் இல்லாத பெண்களுக்கு வேறு யார் கடன் கொடுப்பார்கள், ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பதுதானே அவர்களுக்கு இருக்கும் ஒரே சொத்து என்று கேட்பார்கள். கந்துவட்டியோடு ஒப்பிட்டால் இந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. ஆனால் இந்த முறைக்குப் பேர்போன வங்கதேசத்தின் கிராமீன் வங்கியே 2000-க்குப் பிறகு தன் திட்டத்தை மாற்றியமைத்தபோது கூட்டுப் பொறுப்பைக் கைவிட்டது. பிலிப்பைன்ஸில் ஷாவியர் ஜினே, டீன் கார்லன் இருவரும் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், குழுப் பொறுப்பை எடுத்துவிட்டுத் தனிப் பொறுப்பாக மாற்றிய பிறகும் கடன் தவறுவது கூடவில்லை. ஆக, அண்டை வீட்டாரை வசூல்காரர் ஆக்காமலும் கடன் கொடுக்க முடியும். கூட்டுப் பொறுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். 1904 சட்டத்தின் கிராமச் சங்கங்களில் உறுப்பினர் பொறுப்புக்கு வரம்பே கிடையாது, இன்றைய குழுக்களைவிடக் கடுமையான பிணை அது. அந்தப் பிணையை ஏற்றவர்கள் தாங்களே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், பேரேட்டைப் பார்த்தார்கள். பிணையும் பேரேடும் சேர்ந்து இருந்ததால் அதைக் கூட்டுறவு என்று சொல்ல முடிந்தது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வரவேற்கிறேன். ஆனால் அது வாசலில் நிற்பவரின் நடத்தையைத்தான் திருத்தும். அவர் கையில் இருக்கும் படிவத்தின் பெயரை அல்ல.

சொற்களைக் கட்டுப்படுத்த முடியுமா, வழக்கில் எப்படி வருகிறதோ அதுதானே பொருள் என்று மொழியறிந்த நண்பர்கள் கேட்கக்கூடும். சந்தைப் பேச்சுக்கு அது சரி. அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் வாரத்துக்கு (பங்குக்கு வளர்க்க) விட்ட ஆட்டைக் கூட்டு ஆடு என்று ஒருவர் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. வளர்த்தவரும் உடையவரும் பக்கத்தில் நின்று விலையைக் கண்ணால் பார்க்கிறார்கள், குட்டியில் யாருக்கு எது என்று முன்பே பேசியிருக்கிறார்கள். படிவமும் திட்டமும் எழுதுபவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் போடும் பெயரை நம்பித்தான் மக்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். இன்னொரு மறுப்பு நம் வீடுகளிலிருந்தே வரும்: கணக்குக் கேட்டால் உறவு கெட்டுவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்னதும் இதே ஊர்தான். கணக்குக் கேட்டதால் பிரிந்த அண்ணன் தம்பிகள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் கேட்காமல் இருந்துவிட்டு ஒரே நாளில் கேட்டவர்கள். அறுவடைக்கு அறுவடை பேசி முடிக்கும் கிணற்றில் பழைய பாக்கி சேர்ந்து பகையாக வளர இடமில்லை.

கூட்டாளி என்ற சொல்லைப் போலீஸ் செய்தியிலிருந்து மீட்டுக் கடைக்கும் காட்டுக்கும் கொண்டுவர வேண்டும் என்று விரும்புகிறேன். செய்தி எழுதும் நண்பர்கள் 'உடந்தையாக இருந்தவர்' என்று எழுதலாம், அந்தச் சொல் அதற்கென்றே இருக்கிறது. குழுக்கடனுக்குக் கையெழுத்துக் கேட்டு வருபவரிடம், இந்தக் குழுவின் கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கும் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கினால், உடன்பாட்டில் கூட்டாளி என்றே எழுதுங்கள். பெயருக்கு நேரே பங்கு எவ்வளவு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். சகோதரி பங்குதாரர் என்றால் அவர் பெயரையும் அந்த வரிசையிலேயே எழுதுங்கள்.